சண்டை இல்லாமல் நாடகம் கிடையாதா?

பாலாற்றங்கரை:
நேற்று ராத்திரி எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் துகிலுரிதல் கூத்து. விடிய விடிய கோபம், சபதம், அழுகை. எட்டு வயது மகள் பயந்து என் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். நல்லவர்கள் ஒற்றுமையாக வாழ்வதைக் காட்டினால் நாடகம் ஆகாதா?

ஆரணிக்காரன்:
ஆகாது அண்ணே. தருமர் நல்லவர்தான், ஆனால் சூதாட்டம் என்றால் எழுந்து வரத் தெரியாதவர். தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை என்று திரௌபதி சபையில் கேட்கிறாளே, தருமரிடம் அந்தக் குறை இல்லையென்றால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

பாலாற்றங்கரை:
குறை இருக்கட்டும், அதற்கு இத்தனை கூச்சல் எதற்கு? சீரியலிலும் தினம் மாமியார் மருமகள் சண்டைதான், அதுவும் நாடகமா?

காட்பாடி வாசகி:
சீரியலில் யாரும் எதையும் இழப்பதில்லை, அடுத்த வாரம் அதே சண்டை. கர்ண மோட்சம் கூத்தைப் பாருங்கள். பிறப்பு தெரியாதவன் என்று கர்ணனை அத்தனை காலம் இளக்காரமாக நடத்திய மனைவி பொன்னுருவியிடம் அவன் போருக்கு விடை கேட்டு நிற்கிறான். எதிரே நிற்பவர்கள் தம்பிகள் என்று தெரியும், திரும்ப மாட்டோம் என்றும் தெரியும், ஆனாலும் துரியோதனன் போட்ட சோற்றுக்காகப் போயே ஆகவேண்டும். அந்த இடத்தில் வாளும் இல்லை, வில்லும் இல்லை. எனக்குத் தெரிந்து கூத்தில் அதைவிடப் பெரிய சண்டை கிடையாது.

ஆரணிக்காரன்:
அக்கா சொன்னது சரி. அப்புறம் கூச்சல் என்கிறீர்களே, துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வேஷம் என்று தெரிந்தும் அவருக்கே கை நடுங்குகிறது. அவ்வளவு உண்மையான உணர்ச்சியை அடக்கி வாசிக்கச் சொல்வது நியாயமில்லை. பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தில், மண்ணால் செய்த துரியோதனன் தொடையில் அடி விழுந்த பிறகு, அவனுக்காகவும் ஒப்பாரி வைக்கிறார்கள். கெட்டவன் என்று ஒதுக்கிவிட்டால் அந்த அழுகை வருமா?

பாலாற்றங்கரை:
கற்பூரம் ஏற்றியதைப் பார்த்தேன், மறுக்கவில்லை. ஆனால் அன்பை மட்டும் வைத்தும் நல்ல நாடகம் எழுத முடியும் என்றே இன்னும் நம்புகிறேன். காலையில் மகள், "அவ்வளவு பேர் இருந்தாங்களே, ஏன் யாரும் தடுக்கலை?" என்று கேட்டாள். கௌரவர்களிலேயே விகர்ணன் ஒருவன் எழுந்து பேசினான், யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன். அதிலிருந்து படுகளத்துக்குக் கூட்டிப்போ என்று நச்சரிக்கிறாள். சின்னப் பிள்ளை, யோசிக்கிறேன்.