சோதனைச் சந்தாவுக்கு ஆண்டுக் கட்டண இன்வாய்ஸ் வந்துள்ளது: செலுத்தித்தான் ஆக வேண்டுமா?

கேட்பவர்: பண்ருட்டி முந்திரி அலுவலகம்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டம் பண்ருட்டிக்கு அருகே என் தந்தையின் பெயரில் ஒரு சிறிய முந்திரிப் பருப்புத் தொழிற்கூடம் இயங்கி வருகிறது. அதன் கணக்குகளையும் கடிதப் போக்குவரத்தையும் நான் கவனித்துக்கொள்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடியில் வந்திறங்கும் கொட்டையின் டன் விலையையும், 240, 320 ரகப் பருப்பின் ஏற்றுமதி விலையையும் வாரந்தோறும் தொகுத்து மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு வணிகச் செய்திமடலின் விற்பனைப் பிரிவிலிருந்து சில வாரங்களுக்கு முன்பு எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. நான்கு இதழ்களை இலவசமாக அனுப்புவதாகவும், பயனுள்ளதாக இருந்தால் பிறகு சந்தா கட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் கணக்கு எழுதும் அக்கா மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருக்கிறார். "பதிவு செய்துகொள்ள வேண்டும்" என்று அவர்கள் கேட்டதால் ஜி.எஸ்.டி. எண்ணையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

நான்கு இதழ்களும் வந்தன. ஐந்தாவது வாரம் இதழுடன் ஓர் இன்வாய்ஸும் வந்தது. ஆண்டுச் சந்தா 18,000 ரூபாய், ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஜி.எஸ்.டி.) 18 விழுக்காடு 3,240 ரூபாய், ஆக மொத்தம் 21,240 ரூபாய். "சோதனைக் காலம் முடிவதற்குள் எழுத்து மூலம் ரத்து செய்யாதவர்கள் ஆண்டுச் சந்தாதாரர்களாகக் கருதப்படுவார்கள்" என்று அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்த வரியை நாங்கள் முதன்முதலாகப் பார்ப்பதே அந்த இன்வாய்ஸில்தான்.

ஒரு வாரம் கழித்து வசூல் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், தாமதமானால் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி கூட்டு வட்டி ஏறும் என்றும், அப்பாவின் சிபில் மதிப்பெண் (வங்கிகள் கடன் தரும்முன் பார்க்கும் மதிப்பெண்) குறையும் என்றும் சொன்னார். இன்வாய்ஸில் அவர்களுடைய உத்யம் பதிவு எண் (எம்.எஸ்.எம்.இ. நிறுவனமாகப் பதிவு செய்ததற்கான அரசு எண்) இருக்கிறது. கொட்டை கொள்முதலுக்கு வங்கிக் கடனை நம்பி இருக்கும் அப்பா, சிபில் என்ற சொல்லைக் கேட்டதும் பணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார். கேட்காத சேவைக்குக் கட்ட எனக்கு மனமில்லை. சட்டப்படி எங்கள் நிலை என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: வில்லியனூர் வரி ஆலோசகர்

வணக்கம் அம்மா. சட்டக் கேள்விக்கு வழக்கறிஞர்கள் பதில் சொல்லட்டும். அதற்கு முன் ஜி.எஸ்.டி. தளத்தில் இன்றே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த நிறுவனம் உங்கள் எண்ணைப் போட்டு இன்வாய்ஸ் எழுதியிருக்கிறது என்றால், அவர்கள் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனை அறிக்கை வழியாக அது உங்கள் கணக்கில் வந்து உட்காரும். 2024 அக்டோபர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் ஐ.எம்.எஸ். என்ற இன்வாய்ஸ் மேலாண்மைப் பகுதியில், உங்களுக்கு வந்த ஒவ்வோர் இன்வாய்ஸையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் அது ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்பட்டு, ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையில் உங்கள் உள்ளீட்டு வரிக் கடனாக (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) சேர்ந்துவிடும்.

தளத்தில் தானாக ஏற்கப்பட்டதாக வருவது, நீங்கள் சந்தாவை ஒப்புக்கொண்டதற்குச் சமமாகாது. ஆயினும் அந்த 3,240 ரூபாயை வரிக் கடனாக எடுத்துப் பயன்படுத்திவிட்டு, "நான் இந்தச் சேவையை வாங்கவே இல்லை" என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே அந்த மாதத்தின் 3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்பே அதை நிராகரித்துவிடுங்கள். நிராகரித்த பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். ஐ.ஜி.எஸ்.டி. போட்டிருப்பதால் அவர்கள் வெளிமாநிலத்தவர் என்று தெரிகிறது. அவர்களுடைய எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே மாநிலத்தைக் காட்டிவிடும்: தமிழ்நாட்டுக்கு 33, எங்கள் புதுச்சேரிக்கு 34, மகாராஷ்டிரத்துக்கு 27. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் தேடி, நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இன்வாய்ஸோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாத இன்வாய்ஸ்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் இது வேறு வகையான விவகாரம்.

பதில்: திருப்பாதிரிப்புலியூர் அச்சகம்

எனக்கும் இதே போன்ற அனுபவம் உண்டு. அச்சுத் தொழிலுக்கான வேறொரு செய்திமடல் அது. நாள்தோறும் தொலைபேசியில் தொல்லை கொடுத்தார்கள். வேலை நேரத்தில் அவர்களோடு மல்லுக்கட்ட முடியாமல், பாதித் தொகைக்குப் பேசி முடித்துக்கொண்டேன். நிம்மதி முக்கியம் அம்மா. 21,000 ரூபாய்க்காக வழக்கறிஞரைத் தேடி மஞ்சக்குப்பத்துக்கு அலைந்தால் அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். உங்கள் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பதில்: மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்

அச்சகத்து ஐயாவின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவருடைய யோசனையை நான் ஏற்கவில்லை. பாதித் தொகையைக் கட்டினாலும் சந்தா இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகவே அவர்கள் வாதிடுவார்கள். அடுத்த ஆண்டு புதுப்பிப்பு இன்வாய்ஸ் வராது என்பதற்கும் உறுதியில்லை.

இந்தியாவில் ஒப்பந்தம் உருவாவதை 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆள்கிறது. அதன் 7 ஆம் பிரிவின்படி ஏற்பு என்பது முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1862 இல் தீர்ப்பான ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கைச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். தம் சகோதரர் மகனுடைய குதிரைக்கு விலை பேசிய ஒருவர், "இனி உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று கொள்கிறேன்" என்று எழுதினார். அவருக்குப் பதில் கடிதம் எதுவும் போகவில்லை. ஒருவருடைய மௌனத்தை அவர்மீது ஒப்பந்தமாகத் திணிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது கல்யாணப் பேச்சுக்குப் பொருந்தலாம், கடன் வசூலுக்குப் பொருந்தாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ரத்து செய்யாவிட்டால் ஆண்டுச் சந்தா தொடங்கும் என்பதைத் தொடக்கத்திலேயே உங்களுக்குத் தெளிவாகச் சொல்லி, நீங்களோ உங்கள் சார்பில் பேசும் அதிகாரம் உள்ளவரோ அதற்கு ஒப்புக்கொண்டிருந்தால், அவர்கள் பக்கம் வலுவாகிவிடும். எனவே முழு விவகாரமும், அந்த நிபந்தனை உங்களுக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அமையும். அதை மெய்ப்பிக்க வேண்டியது பணம் கேட்கும் அவர்கள்தான். தொலைபேசி உரையாடலின் பதிவையும், உங்கள் தரப்பிலிருந்து போன ஏதாவது மின்னஞ்சல் இருந்தால் அதையும் கேளுங்கள். அதற்கு முன் உங்கள் அக்காவிடம் பேசி, அவர் எதையாவது எழுதி அனுப்பினாரா என்று அலுவலகக் கணினியில் தேடிப் பாருங்கள்.

இனி வரும் இதழ்களைத் திறந்து படிக்க வேண்டாம். ஒரு முன்மொழிவோடு தரப்படும் பயனைப் பெற்றுக்கொள்வதே ஏற்பாகலாம் என்று 8 ஆம் பிரிவு சொல்கிறது. இலவசமாகத் தரும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி செய்த ஒன்றின் பயனை அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று 70 ஆம் பிரிவு சொல்கிறது. சோதனை இதழ்கள் நான்கும் இலவசம் என்று அவர்களே சொன்னவை, அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. ஐந்தாவது இதழிலிருந்துதான் கவனம் தேவை.

அடுத்து அந்தக் கூட்டு வட்டி மிரட்டல். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தானது. 2006 ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ.டி. சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை உரிய காலத்தில் தராதவர், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாந்தரக் கூட்டு வட்டி கட்ட வேண்டும். உத்யம் எண்ணை இன்வாய்ஸில் போட்டிருப்பதும் அதற்காகவே. ஆனால் அதே சட்டம், சேவை அளிக்கப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கும் வழியையும் தருகிறது. அப்படித் தெரிவிக்காவிட்டால் சேவை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அந்தச் சட்டத்தின்கீழ் அவர்கள் தங்கள் மாநிலத்து வசதி மன்றத்திலேயே (நிலுவைத் தொகைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) மனுப்போட முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே தொலைபேசியில் எவ்வளவு வாதாடினாலும் பயனில்லை, எழுத்தில் ஆட்சேபம் போக வேண்டும். ஐந்தாவது இதழ் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டதால், இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிபில் மிரட்டலுக்கு அப்பா அஞ்ச வேண்டியதில்லை. வங்கிகள், நிதி நிறுவனங்கள் போன்ற கடன் தரும் அமைப்புகள்தான் கடன் தகவல் நிறுவனங்களுக்கு விவரம் அனுப்புகின்றன. செய்திமடல் நடத்துபவர் கட்டப்படாத ஓர் இன்வாய்ஸைக் கொண்டுபோய் யாருடைய மதிப்பெண்ணையும் குறைத்துவிட முடியாது.

கேட்பவர்: பண்ருட்டி முந்திரி அலுவலகம்

அனைவருக்கும் மிக்க நன்றி. ஐ.எம்.எஸ். பகுதியில் இன்வாய்ஸ் வந்திருந்தது. அதை நிராகரித்து, பக்கத்தைச் சேமித்துவிட்டேன். ஜி.எஸ்.டி. எண் இன்வாய்ஸில் உள்ள முகவரியோடு பொருந்துகிறது. அனுப்பப்பட்ட அஞ்சல்களில் தேடியபோது, அக்கா அனுப்பிய ஒரே ஒரு மறுமொழி கிடைத்தது: "மாதிரி இதழ்களை அனுப்புங்கள். முதலாளியிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்." அவர்கள் அனுப்பிய முந்தைய அஞ்சலில் கட்டணத்தைப் பற்றியோ ரத்து செய்வதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றும் அப்பா கேட்கிறார்.

பதில்: மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்

அந்த மறுமொழி உங்களுக்கு நல்ல ஆதாரம். முடிவெடுக்கும் அதிகாரம் தமக்கில்லை, முதலாளியிடம்தான் இருக்கிறது என்று அக்கா எழுத்திலேயே தெரிவித்துவிட்டார். இரண்டு அஞ்சல்களையும் அழிக்காமல், தலைப்பு விவரங்களோடு அப்படியே சேமித்து வையுங்கள். அச்சுப்படி மட்டும் போதாது.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். இன்வாய்ஸ் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, "இந்தச் சந்தாவை நாங்கள் கோரவும் இல்லை, ஏற்கவும் இல்லை. இலவச மாதிரி இதழ்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவை முடிந்தபின் தொடர்ந்து அனுப்பப்படும் இதழ்களை நாங்கள் பயன்படுத்தவில்லை. எம்.எஸ்.எம்.இ.டி. சட்டத்தின் நோக்கத்துக்காகவும் இதுவே எங்கள் எழுத்து மூலமான ஆட்சேபம். ஏற்பு இருந்ததாக நீங்கள் கருதினால் அதற்கான ஆவணத்தையும் குரல் பதிவையும் அனுப்புங்கள். இல்லையெனில் இன்வாய்ஸை ரத்து செய்து, எங்கள் முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்" என்று எழுதினால் போதும். "மன்னிக்கவும்", "கவனிக்கத் தவறிவிட்டோம்" போன்ற சொற்கள் வேண்டாம். அப்பா கையொப்பமிட்டு, மின்னஞ்சலிலும், ஒப்புகை பெறும் வசதியோடு விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள். இனித் தொலைபேசியில் யார் பேசினாலும், "எழுத்தில் அனுப்புங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு எளிய வழியல்ல. 2019 ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுவோரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துபவருக்கு விலக்கு உண்டு என்றாலும், ஆட்களை வைத்து நடத்தும் தொழிற்கூடத்துக்கு அந்த விலக்கைப் பெறுவது கடினம். லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 இல் இந்த எல்லையை விளக்கியிருக்கிறது.

கேட்பவர்: புதுச்சேரி விருந்தினர் இல்லம்

இதையொட்டி எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நானும் என் மனைவியும் மட்டுமே நடத்தும் சிறிய விருந்தினர் இல்லம் எங்களுடையது. சுற்றுலாத் தொழில் குறித்த ஒரு செய்திமடலின் இலவசச் சோதனைக்கு அட்டை எண்ணைக் கட்டாயமாகக் கேட்டார்கள். இப்போது ஆண்டுக் கட்டணம் தானாகவே பிடிக்கப்பட்டுவிட்டது. பணம் போய்விட்ட பிறகு என்ன செய்வது?

பதில்: ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், முதலியார்பேட்டை

உங்கள் வங்கிக்குத்தான் முதலில் எழுத வேண்டும் ஐயா. அட்டையில் தானாகப் பிடிக்கும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கியின் மின்-ஆணை விதிகள் உண்டு. ஆணையைப் பதிவு செய்யும்போது ஓ.டி.பி. போன்ற கூடுதல் உறுதிப்பாடு தேவை. ஒவ்வொரு முறை பிடிப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பு வந்ததா என்று குறுஞ்செய்திகளைப் பாருங்கள். வரவில்லை என்றால் அதையே முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டு, பரிவர்த்தனையை மறுத்துப் புகார் கொடுங்கள். வங்கிச் செயலியிலேயே அந்த ஆணையை ரத்து செய்யவும் முடியும்.

இலவசச் சந்தாவுக்கே அட்டை விவரத்தைக் கட்டாயப்படுத்துவதை, 2023 நவம்பர் 30 அன்று வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் சந்தாப் பொறி என்று பெயரிட்டுத் தடை செய்திருக்கின்றன. கணவனும் மனைவியுமாகச் சொந்த உழைப்பில் நடத்துவதால், வழக்கறிஞர் சொன்ன சுயதொழில் விலக்கு உங்களுக்குப் பொருந்த வாய்ப்பிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கேட்பவர்: பண்ருட்டி முந்திரி அலுவலகம்

கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை வந்துவிட்டது. அதன் பின் அவர்களிடமிருந்து மின்னஞ்சலும் வந்திருக்கிறது. குரல் பதிவைப் பற்றி எதுவும் சொல்லாமல், "வாடிக்கையாளர் நலன் கருதி" முழுத் தொகைக்கும் வரவுக் குறிப்பு (இன்வாய்ஸ் தொகையைக் குறைக்கும் ஆவணம்) வழங்குவதாக எழுதியிருக்கிறார்கள். அது ஐ.எம்.எஸ். பகுதிக்கு வந்ததும் ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: வில்லியனூர் வரி ஆலோசகர்

மகிழ்ச்சி அம்மா. ஆனால் அவசரப்பட்டு ஏற்பு பொத்தானை அழுத்திவிட வேண்டாம். வரவுக் குறிப்பை அப்படியே ஏற்றால் உங்கள் உள்ளீட்டு வரிக் கடனில் 3,240 ரூபாய் குறையும். மூல இன்வாய்ஸை நீங்கள் நிராகரித்துவிட்டதால் அந்தக் கடனை நீங்கள் எடுக்கவே இல்லை. எடுக்காத கடன் குறைந்தால் உங்கள் கைப்பணம்தான் போகும். வரவுக் குறிப்பு தளத்தில் தெரிந்ததும், நிராகரித்த இன்வாய்ஸின் படத்தோடு உங்கள் தணிக்கையாளரிடம் காட்டி, அந்த மாதத்தின் 3பி தாக்கலுக்கு முன்பே முடிவெடுங்கள். அவர்களுடைய மின்னஞ்சலையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.