ரெண்டு நூல் ஸ்டண்ட் காத்தாடி பீச்ல விடறது எப்படி? பையனுக்கும் சொல்லித் தரணும்

திருவான்மியூர்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கால இருக்கற மச்சான் லீவுக்கு வந்தப்போ ரெண்டு நூல் ஸ்டண்ட் காத்தாடி ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, டெல்டா மாதிரி முக்கோண ஷேப்பு, கார்பன் குச்சி, ரெண்டு கைலயும் மாட்டிக்க பட்டை, 25 மீட்டர் நூல். நான் சின்ன வயசுல ராயபுரம் பக்கம் சாதா காத்தாடி நிறைய விட்டிருக்கேன், ஆனா இது வேற வகைன்னு பாத்தாலே தெரியுது. பையனுக்கு 11 வயசு, எப்போ பீச்சுக்குப் போலாம்னு தினமும் கேக்கறான். எங்க, எந்த நேரத்துல விடறது, எது ஆபத்து, பழகினவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க. இந்த மாஞ்சா தடை இதுக்கும் வருமான்னும் தெரியணும்.

நீலாங்கரை_காத்து:
சார், முதல்ல காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பாருங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். காத்தாடி எப்பவும் காத்து போற திசைல, உங்களுக்கு முன்னாடிதான் நிக்கும். நம்ம ஊர்ல மத்தியானத்துக்கு மேல கடல்காத்து வரும், அப்போ நீங்க கடலுக்கு முதுகைக் காட்டி நிப்பீங்க, காத்தாடி கரைப் பக்கம் பறக்கும், அதாவது சுண்டல் கடை, குழந்தைங்க, ரோடு எல்லாம் இருக்கற பக்கம். 25 மீட்டர் நூல்னா உங்களுக்கு இடதும் வலதுமா 50 மீட்டர் அகலத்துக்கு அது சுத்தும், முன்னாடியும் 25 மீட்டர் போகும், அதுக்கு மேல கொஞ்சம் இடம் விட்டு யாருமே இல்லைன்னாதான் விடணும். பெசன்ட் நகர்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இதுக்கு வாய்ப்பே இல்ல. வார நாள்ல 3 மணி வாக்குல மெரினாவோட அகலமான மணல், இல்லன்னா ஈசிஆர்ல ஆள் இல்லாத பீச்சா பாத்துப் போங்க.

ஜூன், ஜூலைல காலைல மேக்காத்து அடிக்கும், அப்போ காத்தாடி கடல் மேல போகும், ஆளுங்க மேல விழாதுன்னு தோணும், ஆனா அந்தக் காத்து கட்டடத்தையும் மரத்தையும் தாண்டி வரதால ஒரே சீரா இருக்காது, திடீர்னு தூக்கும் திடீர்னு விட்டுடும், பழகறவங்களுக்கு கஷ்டம். தண்ணில விழுந்தா அலை இழுத்து குச்சியும் உடையும், அதை எடுக்க பையன் உள்ள ஓடிடக் கூடாது, அதுதான் எனக்கு பெரிய பயம். என்னைக் கேட்டா ஏப்ரல், மே சாயங்காலம் தென்காத்து கரையை ஒட்டியே வீசும் பாருங்க, அதுதான் அருமை. காத்தாடி மணல் மேலயே நிக்கும், காத்தும் சீரா இருக்கும்.

காத்து வேகம் மணிக்கு 10ல இருந்து 20 கிலோமீட்டர் போதும். காத்து வேகம் ரெட்டிப்பானா இழுவை நாலு மடங்கு ஆகும், அதனால 'இன்னும் கொஞ்சம் காத்து இருந்தா நல்லா இருக்குமே'ன்னு நினைக்காதீங்க. கடல்ல எங்க பாத்தாலும் வெள்ளை நுரையா தெரிஞ்சா அன்னிக்கு பையன் கைல குடுக்கவே குடுக்காதீங்க.

பொன்னி_வேளச்சேரி:
நூலைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. உங்க காத்தாடில வர நூல் பெரும்பாலும் டைனீமாவா, அதாவது ரொம்ப வலுவான ஒரு பிளாஸ்டிக் இழையா இருக்கும், ரொம்ப மெல்லிசு, ஆனா 50, 60 கிலோ இழுவையைத் தாங்கும். கண்ணாடித் தூள் இல்லன்னாலும் விறைப்பா ஓடற நூல் தோலை அறுக்கும். விரல்ல சுத்தாதீங்க, பறக்கும்போது நூலைக் கைல புடிக்காதீங்க, பட்டையை மட்டும்தான் புடிக்கணும். பக்கத்துல யாராவது சாதா நூல்ல காத்தாடி விட்டா தள்ளிப் போயிடுங்க. டைனீமா 150 டிகிரி வாக்குலயே உருகிடும், வேற நூல் உரசற சூட்டுக்கே அறுந்துடும். நம்ம ஆளுங்க ஸ்டண்ட் காத்தாடியைப் பாத்ததும் டீல் போட, அதாவது நூலை அறுத்துப் போட்டி போட வருவாங்க, அன்பா பேசி வேண்டாம்னு சொல்லிடுங்க. உங்க ரெண்டு நூலும் ஒண்ணோட ஒண்ணு நாலு அஞ்சு முறுக்கு விழுந்தா பயப்பட வேணாம், வழுக்கிக்கிட்டு போகும், கன்ட்ரோல் இருக்கும்.

தடை பத்தி: தேசிய பசுமை தீர்ப்பாயம் 2017ல நாடு முழுக்க தடை பண்ணதுல நைலான் மாதிரி சிந்தெடிக் காத்தாடி நூலும் வருது, டைனீமாவும் சிந்தெடிக்தான், அதனால இதுக்கு தடை வராதுன்னு சொல்ல முடியாது. அதோட சென்னைல மாஞ்சா கழுத்தை அறுத்து உயிரே போயிருக்கு, அதனால காத்தாடின்னாலே போலீஸ் பாப்பாங்க, பாக்கவும் வேணும். பீச் ரோந்து போலீஸ்கிட்ட நூலைக் காட்டி, கேட்டுட்டு விடுங்க. வேணாம்னு சொன்னா வாக்குவாதம் பண்ணாம கிளம்பிடுங்க.

திருவான்மியூர்_அப்பா:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். காத்து திசை பத்தி இப்படி யோசிச்சதே இல்ல. அப்போ ஏத்தறது, இறக்கறது எப்படி? கைய மேல தூக்கணுமா?

மகாப்ஸ்_ரவி:
தூக்கவே கூடாதுங்க. கை ரெண்டும் இடுப்புக்கிட்ட இருக்கணும். வலது கைய இழுத்தா வலது பக்கம் திரும்பும், இடது இழுத்தா இடது, ரெண்டும் சமமா வெச்சா நேரா போகும், அவ்ளோதான். சைக்கிள் ஹேண்டில் மாதிரி வளைச்சா ஒண்ணும் நடக்காது, முன்ன பின்ன இழுக்கணும். ஏத்தறதுக்கு காத்தாடியைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சு மணல்ல நிறுத்திட்டு, நூல் ரெண்டும் ஒரே நீளமான்னு பாத்துட்டு, ரெண்டு கையையும் சேத்து இழுத்துக்கிட்டே ரெண்டு எட்டு பின்னால வைங்க, ஏறிடும். பின்னால குழி, கல், நண்டு வலைன்னு ஏதாவது இருக்கான்னு முன்னாடியே பாத்துடுங்க.

நேர் எதிர்ல, கொஞ்சம் தாழ்வா பறக்கும்போதுதான் இழுவை அதிகம். ஓரத்துக்குக் கொண்டு போனா, இல்ல உச்சந்தலைக்கு மேல கொண்டு போனா வலு குறையும். அதனால முதல் நாள் பையனுக்கு வட்டம் போடறதெல்லாம் வேணாம், ஏத்தி, மேலயே நிறுத்தி, மெதுவா ஓரமா கொண்டு போய் இறக்க மட்டும் சொல்லிக்குடுங்க. யாராவது நடுவுல நடந்து வந்தா உடனே ஓரத்துல இறக்கிடணும், அவங்க போன அப்புறம்தான் மறுபடி. தலைகுப்புற விழப் போகுதுன்னு தெரிஞ்சா இழுக்காம கைய முன்னால நீட்டி முன்னால ஓடச் சொல்லுங்க, நூல் தளர்ந்து அடி குறையும், குச்சி பொழைக்கும்.

இறக்கி வெச்சுட்டு காத்தாடிக்கிட்ட போறதுக்கு முன்னாடி பட்டை ரெண்டையும் ஒரு குச்சில மாட்டி மணல்ல ஆழமா குத்திடுங்க, இல்லன்னா காத்து திடீர்னு தூக்கி பட்டையோட இழுத்துட்டுப் போயிடும், அது யார் முகத்துல அடிக்கும்னு சொல்ல முடியாது. கரண்ட் கம்பி பக்கம் போகவே வேணாம், ஈர நூல் கரண்டைக் கடத்தும். மாட்டிக்கிட்டா விட்டுடுங்க, மின்வாரியத்துக்கு போன் பண்ணுங்க. இடி சத்தம் கேட்டா சுருட்டிட்டு கிளம்பிடணும்.

பையனுக்கு ஆசை நின்னு நிலைக்கணும்னா ஆகஸ்ட்ல மாமல்லபுரம் பக்கம் காத்தாடித் திருவிழா நடக்குதான்னு பாருங்க, 2022ல இருந்து நடத்திட்டு வராங்க, வெளிநாட்டுக்காரங்க பெரிய பெரிய காத்தாடி எல்லாம் எடுத்துட்டு வருவாங்க. அவங்க எப்படி இடம் விட்டு நிக்கறாங்க, தரைல எப்படி கட்டி வெக்கறாங்கன்னு பக்கத்துல நின்னு பாக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நூலையும் துணியையும் நல்ல தண்ணில அலசி நிழல்ல காய வைங்க, உப்பும் மணலும் அப்படியே இருந்தா நூல் தேஞ்சுடும்.