இழை: "டிங்கரிங்" – 6 முதல் 8ஆம் வகுப்புக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கரூர் ஆசிரியை:

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டைத் தமிழில் முடித்துக் கொடுக்க வேண்டும். 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. அடல் டிங்கரிங் லேப் திட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2016இல் நிதி ஆயோக்கின் கீழ் தொடங்கியது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய். பாதி சாமான் வாங்க, பாதி ஐந்து வருட நடைமுறைச் செலவுக்கு. முப்பரிமாண அச்சுப்பொறி, சென்சார், மோட்டார், ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன், ஸ்பேனர் எல்லாம் ஓர் அறையில் இருக்கும். பிள்ளைகள் கழற்றலாம், மாட்டலாம், புதிதாக எதையாவது செய்து பார்க்கலாம். 2025 மத்திய பட்ஜெட்டில் ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 லேப் என்று அறிவித்திருக்கிறார்கள். அதனால் இந்தச் சொல் ஒரு கையேட்டோடு நின்றுவிடாது.

என் சிக்கல் இது. கரூர், பஸ் பாடி கட்டும் ஊர். இங்கே டிங்கரிங் என்றால் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது, வேறு அர்த்தமே கிடையாது. "லேப்ல டிங்கரிங் சொல்லித் தர்றாங்களாம், அப்புறம் பெயின்டிங்கும் உண்டா?" என்று ஒரு மாணவியின் தகப்பனார் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அவர் வேலையே அதுதான்.

ஒரு நல்ல சொல் தாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

பெங்களூர் (மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்):

அக்கா, எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? தமிழில் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: நோண்டுதல். ரேடியோவை நோண்டினான், கடிகாரத்தை நோண்டினான். இடம் நோண்டகம், வேலை நோண்டல். முடிந்தது.

கோவை (ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்):

நோண்டு என்பது தோண்டு என்பதோடு உறவுடையது. நல்ல வேர்தான், மறுக்கவில்லை. ஆனால் பொருளில் ஒரு குறை. நோண்டுபவன் ஓட்டை போடுவான், ஆக்கமாட்டான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் ஊர் ஊராய்ப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைப்பவனைக் குறித்தது. அதற்கு நேரான வினை நம்மிடம் உண்டு. ஒக்கிடுதல், அதாவது சிறு பழுது நீக்குதல். ஒக்கிடுகூடம் என்று வைக்கலாம். நுணுகி ஆராய்வதும் சேர வேண்டுமென்றால் துருவு என்ற வேர் உதவும்: துருவகம். துருவுதலில் தேடலும் உண்டு, துளையிடலும் உண்டு. இரண்டும் அந்த அறையில் நடப்பவையே.

கரூர் ஆசிரியை:

ஐயா, துருவகம் என்றால் பிள்ளைகளுக்குத் தேங்காய்தான் நினைவுக்கு வரும். ஒக்கிடு என்ற சொல்லை எங்கள் பாட்டிதான் சொல்வார், என் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

நோண்டகத்தை இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஏழாம் வகுப்புப் பையன் விரலை மூக்கில் வைத்துக்கொண்டு "மிஸ், லேப் ஓப்பன்" என்றான். மீதிப் பாடம் நடக்கவில்லை.

சென்னை (ஐடிஐயில் பொருத்துநர் பிரிவில் பாடம் நடத்தியவர்):

நான் இருபக்கமும் பார்த்தவன். அரம், சுத்தியல், வைஸ், சால்டரிங் இருக்கும் இடத்தைத் தமிழில் பட்டறை என்போம். "தொடக்கப் பட்டறை" என்று போடுங்கள். ஆய்வகம் என்று போடாதீர்கள். ஆய்வகம் என்றால் தொடாதே என்று எழுதி ஒட்டிய கண்ணாடி அலமாரிதான் பிள்ளைகளின் நினைவுக்கு வரும்.

ஐடிஐயில் நாங்கள் கூச்சமில்லாமல் தமிழ்ப் பெயர் வைத்தோம்: பொருத்துநர், கடைசலர், கம்பியாள், கம்மியர். பையன்கள் வெளியே ஃபிட்டர், டர்னர், வயர்மேன், மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள். ஆனால் சான்றிதழில் தமிழ் நிற்கிறது. அது போதும்.

கோவை:

பட்டறை நன்று! திருவள்ளுவரே தந்த சொல். "சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை / நேரா நிரந்தவர் நட்பு." பட்டடை என்றால் கொல்லன் அடைகல். சம்மட்டி விழும்போது தாங்குவதுபோலக் காட்டி, அடிக்கத் துணைபோகும் போலி நட்புக்கு அதை உவமையாக்கினார். பட்டடை கிடக்கும் இடமே பட்டடை ஆகி, பட்டறை ஆயிற்று.

கம்மியர் என்ற சொல்லையும் நண்பர் நினைவூட்டினார். நெடுநல்வாடையில் "கைவல் கம்மியன்" கதவு பொருத்துகிறான். கரு, கருமான், கம்மாளன், கம்மியன் என்று இரும்பின் கருமையிலிருந்து வந்த தூய தமிழ்ச் சொல் அது.

பெங்களூர்:

ஐயா, கம்மியர் பிராகிருத "கம்ம" வழியாக வந்தது, கருமம் என்பதன் உறவு என்றுதான் நான் படித்திருக்கிறேன். கருமானிலிருந்து கம்மியனுக்கு வர நடுவே ஒரு ரகரம் தொலைய வேண்டும். அதை எந்த விதியில் தொலைத்தீர்கள்?

கோவை:

கருமத்திலிருந்து கம்மத்துக்கு வரும்போது தொலைந்த ரகரத்தை நீங்கள் எந்த விதியில் தொலைத்தீர்களோ, அதே விதியில்.

கரூர் ஆசிரியை:

ஐயா இருவரும் பொறுத்தருள வேண்டும். இன்று புதன்.

பட்டறை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஓர் அச்சம் இருக்கிறது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலருடைய அப்பாக்கள் பட்டறையில் இருப்பவர்கள். "நான் பட்டறையில சாகுறது போதாதா, பள்ளிக்கூடத்துலயும் பட்டறையா?" என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, மறு வருடம் காமராசர் வந்ததும் போய்விட்டது. திட்டம் போனாலும் சொல் போகவில்லை. புதிய தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8ஆம் வகுப்புக்குள் பத்து நாள் பையில்லாமல் வந்து தச்சர், குயவர், தோட்டக்காரரிடம் கற்கச் சொன்னபோது இங்கே முதலில் எழுந்த கேள்வியும் குலக்கல்வியா என்பதுதானே. பள்ளிச் சுவரில் "தொழில்", "பட்டறை" என்று எழுதினால் அந்தப் பழைய நினைவெல்லாம் கிளம்பும்.

சென்னை:

அம்மா, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. என் அப்பா தச்சர். அந்தத் திட்டத்தின் குற்றம் உளியில் இல்லை; தச்சன் மகனுக்கு மட்டும் உளி, மற்றவனுக்குப் புத்தகம் என்று முடிந்துவிடும் என்பதில் இருந்தது. டாக்டர் மகளும் ஆக்ஸா பிளேடு பிடித்தால் அது குலக்கல்வி ஆகாது. சொல்லை ஒளித்துவைப்பதால் இழிவு போகாது என்பது என் கருத்து. ஆனால் பெற்றோரிடம் பேசப்போவது நீங்கள்தான். முடிவு உங்களுடையது.

யாழ்ப்பாணம் (பாடசாலை ஆசிரியர்):

வணக்கம். எங்களிடம் தரம் 6 இலிருந்து 9 வரை இது ஒரு பாடமாகவே இருக்கிறது: செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள். பெயர் நீளம்தான், பிள்ளைகளும் முழுதாகச் சொல்வதில்லை. என்றாலும் ஒருவரும் மிரளவில்லை. "செயன்முறை" முன்னுக்கு நிற்பதால் "தொழில்" பின்னுக்குப் போய்விடுகிறது. நீங்களும் செயன்முறைக்கூடம் என்று வைக்கலாமே?

இன்னொன்று. சால்டரிங் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் பாடநூல்களில் பற்றாசு.

பெங்களூர்:

செயன்முறையா? இங்கே "செயல்முறை" என்று எழுதுவோம். பிள்ளைகள் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்கள்.

யாழ்ப்பாணம்:

நன்னூல் படித்த பிள்ளை திருத்தாது, தம்பி. லகரத்தின் முன் மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகும். செயல் + முறை செயன்முறை. தொழில் + நுட்பம் தொழினுட்பம், "னலமுன் றனவும்" சூத்திரம் இருக்கிறதே. நீங்கள்தான் புணர்ச்சியைப் பிரித்துவைத்துவிட்டு எங்களுடையதைப் பிழை என்கிறீர்கள்.

கோவை:

யாழ்ப்பாணத்து நண்பருக்கு இருமுறை வணக்கம். ஒன்று புணர்ச்சிக்கு, மற்றது பற்றாசுக்கு.

வெண்பா எழுதிப் பழகியவர்களுக்குப் பற்றாசு தெரியும். நேரிசை வெண்பாவில் முதற்குறளின் ஈற்றுச் சீரும் தனிச்சொல்லும் தளையால் பொருந்தாதபோது நடுவில் ஓரசையோ ஈரசையோ கூட்டி ஒட்டுவோம். அதற்கு ஆசு என்று பெயர். ஆசிடை நேரிசை வெண்பா! பொன் வேலை செய்பவன் இரு துண்டுகளை ஒட்ட இடும் பற்றாசுதான் அந்த ஆசு. ஆகவே யாப்புக் கற்ற ஆசிரியை சுற்றுப்பலகையில் ஒயரை ஒட்டும்போது, தான் வெண்பாவே செய்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். ஆசு என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு, "ஆசறு" என்கிறோம். ஒட்டியது தெரிந்தால் குற்றம், தெரியாவிட்டால் கலை. இதை விரித்து எழுத வேண்டும்…

சென்னை:

விரிக்க வேண்டாம் ஐயா, அம்மாவுக்கு நாளை மறுநாள் கெடு. ஆனால் ஒரு செய்தி. ஒட்டியது தெரியத்தான் வேண்டும். சால்டரிங்கில் ஈயம் பளபளவென்று சிறு கூம்பாக நிற்க வேண்டும். மங்கலாக உருண்டையாக நின்றால் அது பிடிக்காத ஒட்டு. அதைக் கையேட்டில் படத்தோடு போடுங்கள். பெயரைவிட அது முக்கியம்.

கிள்ளான் (மலேசியா):

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் தமிழ்ப்பள்ளிகளில் இந்த வகைப் பாடத்துக்கு "வடிவமைப்பும் தொழில்நுட்பமும்" என்று பெயர். அதெல்லாம் ஆறாம் ஆண்டு வரைதான். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் மலாய்தான், தமிழ்ச்சொல் தேட வேண்டிய தொல்லையும் இல்லை. தொல்லை இருப்பது பாக்கியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர்:

சரி, நோண்டகத்தை விட்டுவிட்டேன், மூக்கு வென்றது. "செய்களம்" எப்படி? செய்கின்ற களம். சின்னச் சொல், பயமுறுத்தாது, தொழில் என்ற வாடை இல்லை. செய்களத்துக்குப் போகிறேன், செய்களப் பொறுப்பாசிரியர், செய்களப் பேழை என்று நீட்டவும் முடியும்.

கோவை:

செய் என்றால் வயல். நன்செய், புன்செய். செய்களம் என்றால் நெல்லடிக்கும் களம் என்று கொள்ள இடமுண்டு.

யாழ்ப்பாணம்:

இல்லை ஐயா. வயலின் களம் என்றால் வேற்றுமைத் தொகை, செய்க்களம் என்று வல்லினம் மிகும். இங்கே வினைத்தொகை, ஆகவே இயல்பு. ககர ஒற்று இல்லாததே பொருளைச் சொல்லிவிடும்.

எனக்குச் செயன்முறைக்கூடமே விருப்பம். ஆனால் செய்களத்துக்கு எதிராக நிற்கமாட்டேன்.

சென்னை:

எனக்கும் சம்மதம். களத்தில் வேலை நடக்கும், அதுவரை சரி. சுவரில் எதை எழுதினாலும் பையன்கள் பட்டறை என்றுதான் கூப்பிடுவார்கள், பாருங்கள்.

குழு மட்டுறுத்துநர்:

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களைப் பார்த்தால் செய்களத்துக்கு மறுப்பு ஒன்றுதான் நிற்கிறது. வேறு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள். கம்மியர், ஆசு இரண்டையும் தனி இழைக்குக் கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கரூர் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்தது இவ்வளவு. திட்டத்தின் பெயர் அரசு ஆவணத்தில் இருப்பதால் அட்டையில் "டிங்கரிங்" அப்படியே இருக்கும். மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. உள்ளே எல்லா இடத்திலும் செய்களம். வினைச்சொல்லாக "செய்து பார்", "கழற்றிப் பார்", இடத்துக்கு ஏற்ப. நோண்டு என்பதை ஒரே ஓர் இடத்தில் வைத்திருக்கிறேன்: "மின்சாரம் இணைத்திருக்கும்போது நோண்டாதே." அந்த வாக்கியத்துக்கு வேறு சொல் பொருந்தவில்லை. சால்டரிங்கை முதல் தடவை "பற்றாசு வைத்தல் அல்லது சால்டரிங்" என்று எழுதிவிட்டு, பிறகு சால்டரிங் என்றே விட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயா கோபிக்கக் கூடாது. கூம்பு, உருண்டை படம் சேர்த்தாயிற்று.

சால்டரிங் இல்லாமலே ஒயரைச் செருகி மின்சுற்றைச் செய்து பார்க்கும் பலகை, அந்தப் பிரெட்போர்டுக்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா? ரொட்டிப்பலகை வேண்டாம்.

யாழ்ப்பாணம்:

கோபமில்லை, பிள்ளை. ஆனால் "அல்லது" போட்ட இடத்தில் பிள்ளைகள் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். பற்றாசு அந்தப் பக்கத்தோடு சரி.

கோவை:

என் மறுப்பு பதிவாகட்டும். ஒக்கிடுதல் என்ற உயிருள்ள வினை ஒன்று பாட்டியோடு போய்விடப் போகிறது. அதைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டோம். செய்களம் தவறில்லை, நிறமும் இல்லை. அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பை ஒருமுறை எனக்கு அனுப்புங்கள். அச்சுக்கோப்பவர் வழக்கம்போல் "செய்க்களம்" என்று ஒற்றுப் போட்டுவிட்டால் பிள்ளைகள் நெல்லடிக்கத்தான் போவார்கள். கம்மியர் பற்றித் தனி இழை இன்றே தொடங்குகிறேன்.