புதுப்பிப்பு: கே.ஆர். மார்க்கெட்டில் ஹீலியோஸ் 44-2

ஹீலியோஸ் 44-2 என்ற பழைய எம்42 (42 மி.மீ. திருகு வகை) லென்ஸ், மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கேமராவுக்குச் சரிவருமா என்று இங்கே கேட்டிருந்தேன். சரிவருகிறது. இரண்டையும் இணைக்கும் அடாப்டரைப் பொருத்தி, பழைய லென்ஸைக் கேமரா உணராது என்பதால், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் மாற்றினால் போதும்.

விடியற்காலையில் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்கு எடுத்துச் சென்றேன். எஃப்/2-இல், அதாவது லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து வைத்தபோது, பூக்கட்டும் அம்மாவின் விரல்களும் நாரும் மட்டும் துல்லியமாக விழுந்தன. பின்னால் குவிந்திருந்த சாமந்தி, படத்தின் ஓரங்களில் சுழன்றது. ஜெர்மனியின் பயோட்டார் என்ற லென்ஸின் வடிவமைப்பைப் பின்பற்றிய இந்த 58 மி.மீ. சோவியத் லென்ஸின் தனிக்குணமே அந்தச் சுழல்தான். எந்த மென்பொருளும் எனக்கு இதைத் தந்ததில்லை! வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பிக் குவியம் தேடியதில், ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்த்தேன்.

எதிர்வெயிலில் படம் வெளிறுகிறது, நிழல் நல்லது. வாங்குபவர்கள் டார்ச் அடித்து, கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.