வைரஸ் உடம்பை விட்டுப் போனாலும் இழுக்குமா? லேப்ல இருந்து வெளிய வந்ததெல்லாம் நிஜமா?

தூங்காத_ஆந்தை:
கொரோனா வந்து டெஸ்ட் நெகட்டிவ் ஆகி 4 மாசம் ஆச்சுங்க, இன்னும் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, மதியம் ஆனா ஆளு அப்படியே சுருண்டுடுறேன், டாக்டர் கேட்டா ரிப்போர்ட் எல்லாம் நார்மல்ங்குறார். இப்படி இழுக்குமா? இன்னொண்ணு, இந்த வைரஸை எல்லாம் லேப்ல வளக்குறாங்களே, அங்கேர்ந்து வெளிய வந்த கதை எல்லாம் நிஜமா, வாட்ஸ்அப் புருடாவா?

பழைய_மைக்ராஸ்கோப்:
நல்லாவே இழுக்கும். போயிடுச்சுன்னு நாமதான் நினைச்சுக்குறோம், சின்ன வயசுல சின்னம்மை வந்திருந்தா அந்த வைரஸ் இன்னிக்கும் நரம்பு முடிச்சுல தூங்கிட்டுதான் இருக்கும், வயசான காலத்துல அக்கியா எந்திரிச்சு வரும். போலியோ வந்து தேறினவங்களுக்கு 15, 20, ஏன் 40 வருஷம் கழிச்சுக்கூட தசை மறுபடி சோர்ந்து போறது உண்டு. தட்டம்மை இன்னும் மோசம், அது மத்த கிருமிகளைப் பத்தின எதிர்ப்பு ஞாபகத்தையே அழிச்சிடுதுன்னு 2019ல காட்டினாங்க. ரிப்போர்ட் நார்மல்ங்குறதால உங்க களைப்பு பொய் ஆயிடாது. தம் கட்டி எக்சர்சைஸ் மட்டும் பண்ணாதீங்க, நிறைய பேருக்கு அடுத்த நாள் ரெண்டு மடங்கா திருப்பி அடிக்கும். மூச்சு வாங்குறது கூடுச்சுன்னா இன்னொரு டாக்டரைப் பாத்துடுங்க.

கண்ணாடிக்_குடுவை:
ரெண்டாவது கேள்விக்கு: புருடாவும் உண்டு, நிஜமும் உண்டு. 1978ல இங்கிலாந்து பர்மிங்காம்ல ஜேனட் பார்க்கர்னு ஒரு மெடிக்கல் போட்டோகிராபர், அவங்க வேலை பாத்த இடத்துக்குக் கீழ் மாடில பெரியம்மை லேப், எப்படி ஏறி வந்துச்சுன்னு இன்னும் சண்டை ஓயல, ஆனா உலகத்துல பெரியம்மைல செத்த கடைசி ஆள் அவங்கதான். 2003ல சார்ஸ் (அதுவும் ஒரு கொரோனா வகை வைரஸ் நோய்தான்) அடங்கின பிறகு சிங்கப்பூர், தைபே, பெய்ஜிங் லேப்கள்ல வேலை பாத்தவங்களுக்கே தொத்திக்கிச்சு, பெய்ஜிங்ல அது வெளியாட்களுக்கும் பரவுச்சு. இதைச் சொன்னாலே சதிக்கதைக்காரன்னு முத்திரை குத்துறாங்க, அதான் கடுப்பு.

பழைய_மைக்ராஸ்கோப்:
அதுக்காக லேபை இழுத்து மூடுன்னா ஒத்துக்க மாட்டேன். 1967ல மார்பர்க்னு ஒரு கொடிய காய்ச்சல் வைரஸ் வந்ததைப் பாருங்க, உகாண்டால இருந்து வந்த குரங்குகளை தடுப்பூசி வேலைக்கு எடுத்தப்ப மார்பர்க், ஃப்ராங்க்ஃபர்ட், பெல்கிரேட் மூணு ஊர்லயும் சேர்த்து 31 பேருக்கு வந்துச்சு, 7 பேர் போயிட்டாங்க. தேறின ஒருத்தர் ரெண்டு மாசத்துக்கு மேல கழிச்சு தன் மனைவிக்குக் கொடுத்துட்டார், வைரஸ் விந்துல ஒளிஞ்சிருந்திருக்கு. அதையும் லேப்லதான் கண்டுபிடிச்சாங்க! உங்க ரெண்டு கேள்வியும் ஒரே இடத்துல வந்து நிக்குது பாருங்க.

கண்ணாடிக்_குடுவை:
மூடச் சொல்லலங்க, விபத்து நடந்தா மறைக்காம சொல்லணும்னுதான் சொல்றேன்.

தூங்காத_ஆந்தை:
அப்பாவுக்குப் போன வருஷம் அக்கி வந்துச்சு, அது சின்ன வயசு அம்மைதான்னு இப்பதான் தெரியுது. நான் ரெண்டு நாளா தம் கட்டி ஓடிட்டிருந்தேன், முதல்ல அதை நிறுத்துறேன்.