டைரனோசாரஸின் கை: எச்சமா, ஆயுதமா?

எலும்புப்பித்தன்: டைரனோசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசரின் கைகள் எதற்கும் உதவாத எச்சங்கள் என்று கரிகாலன் நேற்று தீர்ப்பு வழங்கியிருக்கிறார். 12 மீட்டர் உடலில் 1 மீட்டர்க் கை என்றதும் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆனால் 2001இல் கார்ப்பென்டர், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் மேற்கை எலும்பை ஆராய்ந்து, இருதலைத் தசை (பைசெப்ஸ்) மட்டுமே ஏறத்தாழ 199 கிலோவைத் தூக்கியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். 199 கிலோ தூக்கும் உறுப்பை எச்சம் என்றழைக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

கரிகாலன்: தசை புதைபடிவமாவதில்லை, ஆகவே அந்த 199 அளந்த எண் அன்று, கணக்குப் போட்ட எண். அதே மரபில் முன்னே வந்த சீனத்து டைனோசரான குவான்லாங்குக்கு நீண்ட கைகளும் மூன்று விரல்களும் இருந்தன. இவருடைய மாவீரன் டைரனோசாரஸுக்கு எஞ்சியவை வாயைக்கூட எட்டாத கைகளும் இரண்டு விரல்களும்தாம்.

எலும்புப்பித்தன்: கணக்கு வேண்டாம் என்பவர், சென்ற மாதம் ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசர் நீந்திய வேகத்தை எதை வைத்து முழங்கினார்? அன்று இனித்த கணக்கு இன்று கசக்கிறது. 199 கிலோவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

நிலாமுற்றம்: எச்சம் என்று எதைச் சொல்கிறீர்கள் என இருவருமே விளக்கவில்லை. மணிக்கட்டு எலும்பே இல்லாமல் உள்ளங்கை எலும்புகள் முன்கையோடு நேரே ஒட்டிக்கொண்டிருக்கும் அர்ஜென்டினா டைனோசரான கார்னோடாரஸையும், 2022இல் அதே நாட்டிலிருந்து அறிவிக்கப்பட்ட மெராக்சஸையும் சேர்த்துப் பார்த்தால், தலை பெருக்கப் பெருக்கக் கை குறுகும் போக்கு வெவ்வேறு மரபுகளில் தனித்தனியே நிகழ்ந்திருப்பது தெரியும்.

எலும்புப்பித்தன்: அம்மணி, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். கார்னோடாரஸ் 199 கிலோ தூக்கியதாக யாரும் சொல்லவில்லை.

செங்கோடன்: கூட்டமாக இரையைக் கிழிக்கும்போது அடுத்த விலங்கின் பல்லில் சிக்காதிருக்கவே கை குறுகியது என்று தொல்லுயிரியலாளர் கெவின் பாடியன் 2022இல் எழுதியதை யாருமே கவனிக்கவில்லையா?

கரிகாலன்: அது வெறும் ஊகம், ஐயா. 1906இல் தொல்லுயிரியலாளர் ஆஸ்போர்ன், இணை சேரும்போது பற்றிக்கொள்ள அக்கைகள் உதவியிருக்கலாம் என்றார், அதுவும் ஊகம்தான். ஏழெட்டு டன் விலங்குக்கு 199 கிலோ எந்த மூலைக்கு?

எலும்புப்பித்தன்: சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்திலிருக்கும் 'சூ' என்ற டைரனோசாரஸ் எலும்புக்கூட்டின் வலக்கையில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்த அடையாளம் உள்ளது. சும்மா தொங்கிய கையில் நாண் கிழியுமா?

கரிகாலன்: அதே பக்கத்தில் தோள்பட்டையும் சேதமுற்றிருக்கிறது, மூன்று விலா எலும்புகளும் முறிந்திருக்கின்றன, விழுந்தாலும் அப்படித்தான் ஆகும். மேலும் அந்தக் காயங்கள் ஆறியிருக்கின்றன, அதாவது வலக்கை முடங்கியிருந்த நாள்களிலும் அது பட்டினி கிடந்து சாகவில்லை.

எலும்புப்பித்தன்: இடக்கை இருந்ததே, ஐயா! அதுவும் 199 கிலோ தூக்கும்.