புது வடிவம் வரும்வரை காத்திருக்கலாமா? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆசைப்பட்ட மாடலின் புது வடிவம் இன்னும் வெளியாகவில்லை. கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த சோதனை வண்டியின் படங்கள்தான் கிடைக்கின்றன. அவற்றைத் தினமும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தோற்றம் எப்படி இருந்தாலும் சரி, அடிப்பாகம்தான் என் கவலை. 2018-இல் புதிதாக வந்த சுசுகி ஜிம்னி, லேடர் ஃப்ரேமையும் (ஏணி போன்ற தனி அடிச்சட்டம்) முன்னும் பின்னும் முழு ஆக்ஸிலையும் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) விடவில்லை. 2019-இல் அறிமுகமான லேண்ட் ரோவர் டிஃபெண்டரோ அலுமினிய மோனோகாக் (தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக இருப்பது), நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என அடியோடு மாறிவிட்டது. அதுவும் திறமையான வண்டிதான், 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும். ஆனால் பாறையில் ஒரு சக்கரம் ஏறும்போது மறுபக்கச் சக்கரம் கீழே அழுந்தித் தரையைப் பிடிக்குமே, முழு ஆக்ஸிலின் அந்தக் குணம் எனக்கு ரொம்ப முக்கியம்.

பின்பக்கப் படத்தில் எதைப் பார்த்தால் முழு ஆக்ஸிலா, தனி சஸ்பென்ஷனா என்று உறுதியாகச் சொல்லலாம்? அப்புறம், இப்படி வடிவம் மாறிய வண்டியை முதல் வருடத்திலேயே வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர் நிலை) கரடுமுரடான பாதையில் ஓட்டிய அனுபவத்தைச் சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் முடிவெடுக்கப் போகிறேன்.